டீக்கடைக்கு எந்த வரம்பு?

பதினொன்றாம் வகுப்பு வணிகவியலில் மறைமுக வரிகள் பற்றிய பாடம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. நாம் அங்கே போய்ச் சேருவதற்குள் திருப்புதல் தேர்வு நெருங்கிவிடும். ஆனால் 2025 ஜூலையில், முதல் அலகைக்கூட முடிக்காத நேரத்தில், என் வகுப்பு மாணவர் ஒருவர் இடைவேளையில் வந்து நின்றார்.

“சார், எங்க அப்பா கடையில க்யூ.ஆர். அட்டையைக் கழட்டிட்டாரு. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருமாம். நெஜமா சார்?”

அந்த மாதம் கர்நாடகத்தில் நடந்தது நினைவிருக்கலாம். யு.பி.ஐ. வழியாக வந்த தொகைகளைக் கணக்கிட்டு, அம்மாநில வணிகவரித் துறை சிறு வணிகர்களுக்கு அறிவிக்கை அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப் வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்து, ஒரு டீக்கடையின் அட்டையைக் கழற்றிவிட்டிருந்தது.

“40 லட்சத்துக்கு மேல வித்தாத்தாம்ப்பா பதிவு பண்ணணும். டீக்கடைக்கெல்லாம் அது வராது. அப்பாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லு” என்றேன். மாணவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

சொன்னது தவறு. ஒரு தவறல்ல, இரண்டு. அன்று மாலை சட்டத்தையும் அறிவிக்கையையும் எடுத்து வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் அவரைத் தேடிப் போய்த் திருத்திச் சொன்னேன். அப்போது நான் கற்றதுதான் இந்தக் கட்டுரை. நம் மாணவர்களில் கணிசமானோர் வீட்டில் ஏதோ ஒரு கடை இருக்கிறது: மளிகை, தையல், பெட்டிக்கடை, டிபன் கடை, செல்போன் சர்வீஸ். வணிகவியல் ஆசிரியர் என்றாலே அவர்கள் நம்மிடம்தான் கேட்பார்கள். சமூக அறிவியல் ஆசிரியர்களிடமும் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் ‘அரசாங்கமும் வரிகளும்’ நடத்துபவர்கள் அவர்கள்தானே.

விற்பனை வரிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவில் பொது விற்பனை வரிச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1939இல், ராஜாஜி ஆட்சியில். மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பிறகு 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம், 2007 தொடக்கத்திலிருந்து மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி என்று பெயர்கள் மாறின. இன்று ஒரு சிறு கடை ‘விற்பனை வரிக்குப் பதிவு செய்ய வேண்டுமா’ என்று கேட்டால், அதற்குப் பொருள் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா என்பதுதான்.

இரண்டு வரம்புகள்

சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்லும் அடிப்படை வரம்பு ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய். 2019 ஏப்ரல் 1 முதல் ஓர் அறிவிக்கை மூலம், சரக்கு மட்டுமே விற்பவர்களுக்கு இது 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. எனவே 2019 ஏப்ரலுக்கு முன் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் 20 லட்சம் என்றுதான் இருக்கும். அது தவறில்லை, பழையது. சேவை செய்பவர்களுக்கு வரம்பு இன்றும் 20 லட்சம்தான்.

‘சரக்கு மட்டுமே’ என்பதில் உள்ள அந்த ‘மட்டுமே’யில்தான் நான் முதலில் சறுக்கினேன். டீக்கடை டீ என்ற சரக்கை விற்கிறது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. உணவையும் பானத்தையும் தயாரித்துப் பரிமாறுவது சேவையாகக் கருதப்படும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஆகவே டீக்கடை, டிபன் கடை, மெஸ், தள்ளுவண்டி பிரியாணி எல்லாவற்றுக்கும் வரம்பு 20 லட்சம். பாக்கெட் டீத்தூள் விற்பவருக்கு 40. அதே தூளில் டீ போட்டுக் கொடுப்பவருக்கு 20.

இதே கோணத்தில் நம் பள்ளி வாசலைப் பாருங்கள். நோட்டு, பேனா விற்கும் கடை சரக்குக் கடை. அந்தக் கடைக்காரர் ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வைத்தால், நகல் எடுத்துக் கொடுப்பது சேவை. ‘சரக்கு மட்டுமே’ என்பது போய்விட்டது. மொத்தக் கடைக்கும் வரம்பு 20 லட்சமாகிறது. செல்போன் உறை விற்பவர் பழுதும் பார்த்தால் 20. ஆயத்த ஆடை விற்பவர் தைத்தும் கொடுத்தால் 20. மளிகைக் கடைக்காரர் தனக்குச் சொந்தமான இன்னொரு கடையை வாடகைக்கு விட்டிருந்தால் அதுவும் சேவைதான். மாதம் 10,000 ரூபாய் வாடகை என்றாலும், மளிகை விற்பனை 24 லட்சம் என்றால், கூட்டுத்தொகை 25 லட்சத்து 20 ஆயிரம், பதிவு தேவை. வாடகையே இல்லாமல் மளிகை மட்டும் 24 லட்சம் என்றால் தேவையில்லை. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. (வட்டிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: வங்கி வைப்பில் வரும் வட்டிக்காக ஒருவர் ‘சேவை செய்பவர்’ ஆகிவிடுவதில்லை.)

இன்னொரு பொறி, ஐஸ்கிரீம். 40 லட்சச் சலுகை தரும் அதே அறிவிக்கை சில பொருள்களை விற்பவர்களை விலக்கி வைக்கிறது: ஐஸ்கிரீமும் மற்ற உண்ணும் பனிப்பண்டங்களும், பான் மசாலா, புகையிலைப் பொருள்கள். 2022 ஏப்ரலிலிருந்து செங்கல், சாம்பல் செங்கல், ஓடு ஆகியவையும் சேர்ந்தன. தயாரிப்பவர் என்று அங்கே சொல்லப்படவில்லை. விற்பவர் என்றுதான் இருக்கிறது. பீடி, சிகரெட் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்கும், குளிர்பெட்டியில் கப் ஐஸ் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கும் வரம்பு 20 லட்சம் என்றாகிறது. எத்தனை கடைக்காரர்களுக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லா மாநிலங்களும் 40 லட்சத்துக்கு வரவில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் வந்தன. தெலங்கானாவும் புதுச்சேரியும் சரக்குக்கும் 20 லட்சத்திலேயே நிற்கின்றன. கடலூரில் 30 லட்சத்துக்கு எவர்சில்வர் பாத்திரம் விற்பவருக்குப் பதிவு வேண்டாம். சற்றே வடக்கே, எல்லை தாண்டிப் புதுச்சேரியில் அதே அளவு விற்பவருக்கு வேண்டும். கடலூர், விழுப்புரம் மாவட்ட ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம். மாணவர்களில் சிலரின் உறவினர் கடைகள் இரண்டு பக்கமும் இருக்கும். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கில் வரம்பு 10 லட்சம்தான்.

எதைக் கூட்டுவது?

என் இரண்டாவது தவறு, ‘டீக்கடைக்கெல்லாம் அது வராது’ என்றது. 20 லட்சம் என்ற எண் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. 365ஆல் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 5,479 ரூபாய். 40 லட்சம் என்றால் 10,959 ரூபாய். இந்த ஒரு வகுத்தலைக் கரும்பலகையில் போட்டுக்காட்டியபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து ஒரு கற்பனை டீக்கடையை எடுத்தோம். நாளைக்கு 300 டீ, ஒன்று 15 ரூபாய். 100 வடை, ஒன்று 10 ரூபாய். மொத்தம் 5,500. விடுமுறையே விடாமல் நடத்தினால் ஆண்டுக்கு 20,07,500. ஏப்ரல் 1இல் தொடங்கி எண்ணினால் மார்ச் 30 அன்று வரம்பைத் தாண்டுகிறது. வாரம் ஒரு நாள் கடையை மூடினால் சுமார் 312 நாள்கள், 17,16,000. தாண்டவில்லை. “அப்போ ஞாயித்துக்கிழமை லீவு விட்டாப் போதுமா சார்?” என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். இந்தக் கணக்கில் போதும் என்றேன். 300 டீ விற்கும் கடை நடுத்தரமான கடைதான். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை இதைக் காலையிலேயே முடித்துவிடும்.

இதில் மாணவர்களும் பெற்றோர்களும் குழப்பிக்கொள்வது லாபத்தை. வரம்பு லாபத்துக்கு அல்ல, விற்பனைக்கு. பால், சர்க்கரை, எரிவாயு, கூலி, வாடகை எதையும் கழிப்பதில்லை. வருமான வரியைப் பற்றிக் கேள்விப்பட்டதை இதன் மேல் போட்டுப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

சட்டம் சொல்லும் ‘மொத்த விற்றுமுதல்’ என்பதில் வரி உள்ள விற்பனையும் வரி விலக்குப் பெற்ற விற்பனையும் சேரும். ஒரே பான் எண்ணில் இந்தியாவில் எங்கே கிளை இருந்தாலும் அதுவும் சேரும். கணவன் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் ஒன்றும் உண்மையிலேயே தனித்தனியாக நடக்கும் கடைகள் என்றால் பான் எண்ணும் தனித்தனி, கணக்கும் தனி. ஒரே கடையை ஏட்டில் மட்டும் இரண்டாகப் பிரிப்பது வேறு விஷயம். அதைக் கற்றுக்கொடுப்பது நம் வேலையல்ல.

வரி விலக்குப் பொருள்களின் விற்பனையும் சேரும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காய்கறி, பழம், பால், கீரை, சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசி ஆகியவற்றுக்கு வரி இல்லை. இவற்றை மட்டுமே விற்பவர் கோடிக்கு விற்றாலும் பதிவு வேண்டாம். 23ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கும் அதே பிரிவு பொருந்தும். ஆனால் ஆண்டுக்கு 60 லட்சத்துக்குக் காய்கறி விற்பவர், வாடிக்கையாளர் கேட்கிறார்களே என்று 2 லட்சத்துக்குப் பாக்கெட் எண்ணெயும் மசாலாவும் வைத்தால் நிலைமை மாறுகிறது. அவர் இப்போது வரி உள்ள பொருளும் விற்பவர், மொத்த விற்றுமுதல் 62 லட்சம், வரம்பு 40. பதிவு செய்தே ஆக வேண்டும். வரி கட்டுவது அந்த 2 லட்சத்துக்கு மட்டும்தான். ஆனால் பதிவும், மாதமோ காலாண்டோ கணக்குத் தாக்கல் செய்யும் வேலையும் முழுதாக வந்துவிடும்.

பள்ளிக்கூடப் பொருள்களிலும் இதைக் காட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்கு வந்தன. பயிற்சி நோட்டு, பென்சில், அழிப்பான், வண்ணக்குச்சி ஆகியவற்றுக்கு வரி இல்லை என்றானது. கணிதக் கருவிப் பெட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியது. பேனா 18 சதவீதத்தில் நிற்கிறது. நோட்டுக்கு வரி இல்லாததால் நோட்டு விற்பனையை விட்டுவிட்டுப் பேனா விற்பனையை மட்டும் கூட்டினால் போதும் என்று எழுதுபोकூடிய விடை தவறு. இரண்டையும் கூட்ட வேண்டும்.

எந்த நாளில்?

ஆண்டு முடிந்து, கணக்கு முடித்து, அதன் பிறகு பதிவு செய்யலாம் என்பது பரவலான நம்பிக்கை. அப்படியல்ல. நிதியாண்டின் நடுவில் எந்த நாளில் மொத்தம் வரம்பைத் தாண்டுகிறதோ, அந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கு நான் கொடுத்த பயிற்சி ஒரு நோட்டுப் புத்தகக் கடை. மாத விற்பனை லட்சங்களில்: ஏப்ரல் 2.5, மே 4, பள்ளி திறக்கும் ஜூன் 7.5, ஜூலை 4, ஆகஸ்ட் 3.5, செப்டம்பர் 4, அக்டோபர் 6, நவம்பர் 4.5, டிசம்பர் 3.5. கூட்டிக்கொண்டே வந்தால் டிசம்பர் முடிவில் 39.5. ஜனவரியின் முதல் சில நாள்களில் 40 தாண்டிவிடும். ஜனவரி 5 அன்று தாண்டியது என்றால் பிப்ரவரி 4க்குள் விண்ணப்பம் போக வேண்டும். அதே கடையில் ஜெராக்ஸ் இயந்திரம் இருந்து, நகல் எடுத்த வரவும் இந்தத் தொகைகளுக்குள் அடங்கியிருந்தால்? வரம்பு 20, ஜூலை முடிவில் 18, ஆகஸ்ட் முடிவில் 21.5, ஆகஸ்டிலேயே தாண்டிவிட்டது. ஐந்து மாதங்கள் முன்னதாக. மாணவர்கள் தாங்களாகவே இந்த இரண்டாவது விடையைக் கண்டுபிடித்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

30 நாள்களுக்குள் விண்ணப்பித்தால் தாண்டிய நாளிலிருந்தே பதிவு செல்லும். அதற்கு முந்தைய நாள் கடையில் இருந்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொள்ளலாம். கொள்முதல் பில் கையில் இருக்க வேண்டும். முந்தைய 39.5 லட்சத்துக்கு வரி கேட்கமாட்டார்கள். தாமதித்தால் பதிவு வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். இடைப்பட்ட நாள்களின் வரிப் பொறுப்பு மட்டும் தலைமேல் நிற்கும்.

பதிவே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 24 லட்சம் விற்கும் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டே வரம்பைத் தாண்டியவர், பதிவு செய்யவில்லை. உணவகச் சேவைக்கு வரி 5 சதவீதம், 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது. இங்கே இன்னொரு 1,20,000 வரை. இந்த வரியை அவர் வாடிக்கையாளரிடம் வாங்கவே இல்லை என்பதுதான் இதில் வலி. இட்லிக்கு 50 காசு கூட்டி வாங்கியிருக்க வேண்டியதை, இப்போது மொத்தமாகக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணமாகவும் அது இருக்கக்கூடும்.

முதல் ரூபாயிலிருந்தே

வரம்பே பார்க்காமல் பதிவு செய்ய வேண்டியவர்கள் 24ஆம் பிரிவில் இருக்கிறார்கள். நம் வட்டத்தில் அடிக்கடி எதிர்ப்படுவது வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புவது. மாணவர் ஒருவரின் தாயார் வீட்டில் இட்லிப்பொடியும் சாம்பார்ப்பொடியும் அரைத்து, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கிறார் என்று வையுங்கள். சேலத்துக்கும் திருச்சிக்கும் அனுப்பும்வரை 40 லட்ச வரம்பு. பெங்களூருவில் உள்ள ஒருவருக்குக் கூரியரில் ஒரு கிலோ அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. வரி உள்ள சரக்கு என்பதால், சட்டப்படி அந்த முதல் பொட்டலத்துக்கே பதிவு தேவை. ஆண்டு விற்பனை 50,000 ரூபாயாக இருந்தாலும்தான். என் கருத்தில் இது சிறியவர்கள் மீது கடுமையாக விழும் விதி. ஆனால் விதி அதுதான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சேவைக்கு இந்தக் கடுமை இல்லை. வீட்டிலிருந்தபடி வேறு மாநிலத்தவருக்கு வடிவமைப்போ தட்டச்சோ செய்து கொடுக்கும் இளைஞருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். அரசு அறிவிக்கையில் பட்டியலிடப்பட்ட கைவினைப்பொருள்களுக்கும் விலக்கு உண்டு. பான் எண்ணும், அனுப்பும்போது இ-வே பில்லும் வேண்டும். இணைய வணிகத் தளங்களில் சரக்கு விற்பவர்களுக்கு முன்பெல்லாம் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்று, வரம்புக்குள் இருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு பதிவெண் மட்டும் பெற்றுக்கொண்டு விற்கலாம்.

பதிவு என்றாலே 18 சதவீதமா?

அப்படித்தான் பலர் அஞ்சுகிறார்கள். சிறு கடைகளுக்குக் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரி, வரி உள்ள விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். மது பரிமாறாத உணவகம் 5 சதவீதம். மற்ற சேவைகளுக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை பணம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல். பதிலுக்குச் சில கட்டுகள்: வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக்கூடாது, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை வரவாக எடுக்க முடியாது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது, தாம் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதைக் கடைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். 50 லட்சத்துக்கு வரி உள்ள சரக்கு விற்கும் பாத்திரக் கடைக்கு இது ஆண்டுக்கு 50,000 ரூபாய்.

எதைத் தேர்வது என்பது கடையைப் பொறுத்தது. நாம் அதில் ஆலோசகர் வேடம் கட்டாமல், வரி ஆலோசகரிடமோ வணிகவரி அலுவலகத்திலோ கேட்கச் சொல்வது நல்லது. ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம்: ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், கடை முகவரிக்கான சான்று, புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதே நேரம், தேவையில்லாதவர்கள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பதிவு செய்துவிட்டு மறந்துபோவதும் நடக்கிறது. வழக்கமான முறையில் பதிவு செய்தவர், விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். விற்பனை குறைந்து வரம்புக்குக் கீழே வந்துவிட்டால் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம்.

வகுப்பில்

பழைய பில்களைக் கொண்டுவரச் சொன்னேன். ஜி.எஸ்.டி. எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளம் 32, கர்நாடகம் 29. அடுத்த பத்து, அந்த வணிகரின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று காட்டும். தனிநபர், கூட்டாண்மை, நிறுமம் என்று அமைப்புகளைப் பற்றி நடத்தும் பாடத்தோடு இது அப்படியே இணைகிறது. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள தேடல் பகுதியில் போட்டால், உள்நுழையாமலே பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும், வழக்கமான முறையா காம்போசிஷனா என்பதும் தெரிந்துவிடும். எங்கள் குழு ஒன்று, பதிவு ரத்தான எண்ணோடு வரி சேர்த்து அடித்த பில்லைக் கண்டுபிடித்தது. பதிவில்லாதவர் வரி என்று ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது என்கிறது 32ஆம் பிரிவு. அந்தக் கடையின் பெயரை மறைத்துவிட்டுத்தான் வகுப்பில் பேசினோம்.

ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் வீட்டுக் கடையில் எவ்வளவு விற்பனை?’ என்று வகுப்பில் கேட்காதீர்கள். குறைவாக இருப்பவர் கூச்சப்படுவார். அதிகமாக இருப்பவரின் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியும். கற்பனைக் கடை போதும். கேட்க வேண்டியவர்கள் தனியாக வந்து கேட்பார்கள்.

க்யூ.ஆர். அட்டைக்கு வருகிறேன். அதைக் கழற்றுவதால் எதுவும் மாறாது. ரொக்கமாக விற்றதும் விற்பனைதான். வரம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். அதே சமயம் யு.பி.ஐ.யில் வந்ததெல்லாம் விற்பனையும் அல்ல. தம்பி அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், மகன் திருப்பிக் கொடுத்த தொகை எல்லாம் அதே கணக்கில் வந்து விழுந்திருக்கும். அறிவிக்கை வந்தால் அது விளக்கம் கேட்கும் கடிதம். எது விற்பனை, எது இல்லை, எது வரியில்லாப் பொருள் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. பதில் போடாமல் விட்டால்தான் அதிகாரி தம் கணிப்பின்படி வரியை முடிவு செய்ய நேரும். பதில் சொல்வதற்கு ஏதாவது எழுதி வைத்திருக்க வேண்டும். கடைக்கு ஒரு தனி வங்கிக் கணக்கு, அன்றாட விற்பனைக்கு ஒரு நோட்டு, கொள்முதல் பில்களுக்கு ஓர் உறை. இதற்கு மேல் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

அந்த மாணவரிடம் இதையெல்லாம் சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை அவருடைய தந்தையே பள்ளிக்கு வந்தார். “வாத்தியாரே, முதல்ல 40ன்னீங்க, அப்புறம் 20ங்கறீங்க. எது சரி?” என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கினேன். ஒரு மாதம் தினமும் கல்லாவை எண்ணி எழுதச் சொன்னேன். மகன்தான் எழுதினார். எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் டீ குடிக்கப் போனபோது க்யூ.ஆர். அட்டை மறுபடியும் பாய்லருக்கு மேலே தொங்கியது. வடைத் தட்டுக்குப் பக்கத்தில், ஓரம் எண்ணெய் பிடித்த நூறு பக்க நோட்டு ஒன்று கிடந்தது.